பேட்டரியைக் குறை சொல்லும் முன்: ஆல்டர்னேட்டர் பற்றி வாசகர்கள் கேட்டவை

ஐப்பசி மழை தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பழைய கார்களின் பேட்டரியைப் பற்றியே பேசுகின்றன. முகப்பு விளக்கு, வைப்பர், கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்கும் புளோயர் ஆகிய மூன்றும் சேர்ந்து ஓடும் நாட்களில்தான், கோடை முழுவதும் மறைந்திருந்த ஆல்டர்னேட்டர் குறை வெளியே தெரிகிறது. இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரியை ஏற்றுவது அந்த ஆல்டர்னேட்டர்தான். அதனால் இந்த இதழை அந்த ஒரு பாகத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் 1997ஆம் ஆண்டு மாருதி 800 இருக்கிறது, கார்புரேட்டர் வண்டி. பதினான்கு மாதங்களில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். மூன்றாவதும் இப்போது காலையில் ஸ்டார்ட்டரைச் சுழற்றத் திணறுகிறது. இரவில் முகப்பு விளக்கைப் போட்டால் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மிக மங்கலாக எரிகிறது, பகலில் எரிவதில்லை. ஆல்டர்னேட்டரையே மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
— ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். விளக்கு பகலில் எரியாமல் இரவில் மட்டும் மங்கலாக எரிகிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி, குறை ஆல்டர்னேட்டருக்கு வெளியே இருக்கலாம் என்பதைக் காட்டுகிறது. அதை உறுதி செய்ய உங்களுக்குத் தேவை ஒரு சாதாரண மல்டிமீட்டரும் அரை மணி நேரமும்தான்.

முதலில் காலையில், வண்டியைத் தொடாமல் இருக்கும்போதே, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வோல்ட் அளவைப் பாருங்கள். முழுமையாக ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் அளவில் நிற்கும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12 வோல்ட்டும் அதற்குக் கீழும் என்றால் ஏறக்குறைய காலி. அடுத்து இன்ஜினை ஓடவிட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்திச் சுமார் 2,000 சுற்று வேகத்தில் வைத்து அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். பிறகு ஹை பீம், புளோயர், வைப்பர் அனைத்தையும் போட்டுவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். அளவு சற்று இறங்கும், ஆனால் 13.5க்குக் கீழே போனால் குறை இருக்கிறது என்று பொருள். 15 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் அது வேறு வகைக் குறை. வோல்ட் அளவை எல்லைக்குள் வைக்க வேண்டிய ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்து பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது. பேட்டரித் தண்ணீர் அடிக்கடி குறைவது அதன் அடையாளம்.

உங்கள் வண்டியில் விளக்குகளைப் போட்டதும் அளவு குறையும் என்றே எதிர்பார்க்கிறேன். அப்போதும் ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டாம். எல்லா விளக்குகளும் எரிய, இன்ஜின் அதே வேகத்தில் ஓட, மீட்டரின் சிவப்புக் கம்பியை ஆல்டர்னேட்டரின் பின்புறம் தடித்த வயர் மாட்டியிருக்கும் போல்ட்டிலும், கறுப்புக் கம்பியைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வைத்துப் பாருங்கள். அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அதேபோல ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. மீட்டரை வைக்கும்போது கிளாம்ப்பின் மீது வைக்காமல், அதற்கு நடுவே இருக்கும் ஈயக் கம்பத்தின் மீதே வைக்க வேண்டும். பல வண்டிகளில் குறை அந்தக் கிளாம்ப்புக்கும் கம்பத்துக்கும் இடையில்தான் இருக்கிறது. விளக்குகளை அணைத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்தால் கெட்ட இணைப்பும் நல்ல இணைப்பைப் போலவே காட்டும், ஏனெனில் வயரில் மின்சாரம் நிறைய ஓடும்போதுதான் இழப்பு தெரியும்.

இந்தச் சிறிய இழப்பு இரண்டு பேட்டரிகளைக் கொன்றிருக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியும். துருப்பிடித்த ஓர் இணைப்பில் 0.05 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியாக 20 ஆம்பியர் ஓடினால் 1 வோல்ட் அங்கேயே தொலைகிறது. ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் ரெகுலேட்டர் பெரும்பாலும் தன் வாசலில் உள்ள வோல்ட் அளவைத்தான் பார்க்கிறது. அங்கே 14.2 இருப்பதைக் கண்டு அது திருப்தி அடைந்துவிடுகிறது, பேட்டரிக்கோ 13.2 மட்டுமே போய்ச் சேருகிறது. அந்த அளவில் பேட்டரி ஒருநாளும் முழுமையாக ஏறாது. அரைகுறையாக ஏறிய நிலையிலேயே மாதக்கணக்கில் இருக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகுகிறது. அதன் பிறகு எத்தனை முறை சார்ஜ் செய்தாலும் பழைய கொள்ளளவு திரும்புவதில்லை. உங்கள் இரண்டு பேட்டரிகளும் இப்படித்தான் போயிருக்கும் என்பது என் கருத்து.

சிவப்பு விளக்கின் காரணமும் இதுவே. அந்தக் காலத்து ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் அந்த விளக்கின் ஒரு பக்கம் இக்னிஷன் சுவிட்சோடும், மறுபக்கம் ஆல்டர்னேட்டரோடும் சேர்க்கப்பட்டிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் அளவில் இருந்தால் விளக்கு எரியாது. இடையில் வேறுபாடு ஏற்பட்டால், அது எவ்வளவோ அவ்வளவுக்கு எரியும். விளக்குச் சுமை ஏறியபோது மட்டும் மங்கலாக எரிகிறது என்றால், சுமையோடு சேர்ந்து வளரும் ஓர் இழப்பு வழியில் இருக்கிறது என்று பொருள். அது வயராகவோ, இக்னிஷன் சுவிட்சாகவோ, ஃபியூஸ் போல உருகும் ஃபியூசபிள் லிங்க் வயராகவோ இருக்கலாம். ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடுகளில் ஒன்று பழுதானாலும் மங்கலாக எரியும். ஆனால் அது பெரும்பாலும் பகல், இரவு என்று பார்ப்பதில்லை.

நீங்கள் இருப்பது கடற்கரை ஊர் என்பதையும் நினைவில் வையுங்கள். உப்புக் காற்று வயரின் மேலுறைக்கு உள்ளே புகுந்து, வெளியே பார்த்தால் புதிது போலிருக்கும் செம்புக் கம்பியைப் பச்சைப் பொடியாக்கிவிடும். முனையில் ஓர் அங்குலம் உறையைச் சீவிப் பார்த்துச் செம்பு பளபளப்பாக இல்லை என்றால், பளபளப்பான செம்பு தெரியும் இடம் வரை வெட்டிவிட்டுப் வயர் முனைக்கான புதிய உலோக லக் போட்டு அழுத்தி, ஈயப் பற்று வைக்க வேண்டும். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும் கழற்றி, அது உட்காரும் இடத்தைப் பெயின்ட் போக உரசி, திரும்ப முறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆல்டர்னேட்டரின் போல்ட்டிலேயே 13.5 வோல்ட் வரவில்லை என்றால் அப்போது அதைக் கழற்றலாம். அதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை எடுத்துவிட வேண்டும். அந்தத் தடித்த போல்ட்டில் சாவி அணைந்திருந்தாலும் எப்போதும் மின்சாரம் உண்டு, ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறந்து வயர் உருகிவிடும்.

கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியவை, உள்ளே சுழலும் சுருளான ரோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்கள். பழைய வண்டிகளில் மின் உற்பத்தி விட்டுவிட்டு நின்றுபோவதற்கும், ஆல்டர்னேட்டரை ஸ்பேனரால் தட்டினால் மீண்டும் வேலை செய்வதற்கும் தேய்ந்த பிரஷ்ஷே பெரும்பாலும் காரணம். ஹோல்டருக்கு வெளியே 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக நீண்டிருந்தால் மாற்றிவிடுங்கள். அவை உரசும் இரண்டு செம்பு வளையங்களும் கறுத்திருந்தால் நுண்ணிய எமரித் தாளால் மெருகேற்றினால் போதும். பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சமன் செய்ய வேண்டும். அந்த இரண்டு வளையங்களுக்கும் இடையே அளந்தால் பெரும்பாலான 12 வோல்ட் ரோட்டர்களில் 2 முதல் 5 ஓம் வரை காட்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் சுருள் அறுந்திருக்கிறது. வளையத்துக்கும் தண்டுக்கும் இடையே ஏதேனும் காட்டினால் சுருள் உடலைத் தொடுகிறது. ரோட்டரைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டர் சுருளின் தடை மிகச் சிறியது. சாதாரண மீட்டரால் அதைச் சரியாக அளக்க முடியாது. அங்கே மூக்கும் கண்ணும்தான் மீட்டரை விட உதவும்: வார்னிஷ் கருகிய வாடையும் கறுத்த சுற்றும் இருந்தால் ரீவைண்டிங் தேவை. டையோடுகளைச் சோதிக்கும்போது ஸ்டேட்டர் கம்பிகளின் ஈயப் பற்றை உருக்கி அவற்றைப் பிரித்த பிறகே சோதிக்க வேண்டும். நல்ல டையோடு ஒரு திசையில் 0.4 முதல் 0.7 வோல்ட் வரை காட்டும், மறுதிசையில் திறந்த சுற்றாகக் காட்டும். திரும்பப் பற்றவைக்கும்போது டையோடின் காலை நோஸ் பிளையரால் பிடித்துக்கொண்டால் சூடு பிளையரில் இறங்கி டையோடு தப்பும்.

கேள்வி: எங்கள் பகுதி எலக்ட்ரீஷியன், இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கிறார். இன்ஜின் நிற்காவிட்டால் டைனமோ நன்றாக இருக்கிறது என்கிறார். இது சரியான சோதனைதானா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை. அடுத்த முறை அவர் டெர்மினலில் கை வைத்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். நம் ஊர்களில் ஆல்டர்னேட்டரை இன்னமும் டைனமோ என்றே அழைக்கிறோம். உண்மையில் டைனமோ என்பது அதற்கு முன் கார்களில் இருந்த வேறு வகை ஜெனரேட்டர். அந்தப் பெயரோடு சேர்ந்து அந்தக் காலத்துச் சோதனையும் தங்கிவிட்டது. ஓடும் ஆல்டர்னேட்டருக்குப் பேட்டரிதான் மெத்தை. அதைத் திடீரென எடுத்துவிட்டால், ரோட்டரில் தேங்கியுள்ள காந்தப்புலம் குறைவதற்குள் வோல்ட் அளவு ஒரு கணத்தில் பல மடங்கு எகிறும். அந்தக் கணம் போதும், டையோடும் ரெகுலேட்டரும் போக. மின்னணு இக்னிஷனும் ரேடியோவும் கூடப் போகலாம். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது என்பதால், அருகில் தீப்பொறி பறப்பது உயிருக்கும் ஆபத்து.

அபாயத்தை விட்டுவிட்டாலும் அந்தச் சோதனை எதையும் நிரூபிப்பதில்லை. கார்புரேட்டர் இன்ஜின் ஓட இக்னிஷன் காயிலுக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 4 ஆம்பியர்தான். டையோடு ஒன்று பழுதாகிப் பாதி வேலை மட்டுமே செய்யும் ஆல்டர்னேட்டரும் அதைக் கொடுத்துவிடும். இன்ஜின் நிற்காமல் ஓடும், அவர் நன்றாக இருக்கிறது என்பார், நீங்கள் மழையில் நடுவழியில் நிற்பீர்கள். பேட்டரியைத் தலைகீழாக மாட்டுவதும், பேட்டரி கேபிளையும் ஆல்டர்னேட்டர் வயரையும் எடுக்காமல் பாடியில் வெல்டிங் வைப்பதும் இதே அழிவைத் தரும்.

கேள்வி: ஓடும்போது 14.1 வோல்ட் வருகிறது. ஆனால் மூன்று நாள் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது. பேட்டரி புதியது. எங்கே போகிறது மின்சாரம்?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: ஆல்டர்னேட்டர் வழியாகவே போகலாம். பேட்டரியிலிருந்து மின்சாரம் ஆல்டர்னேட்டருக்குத் திரும்பிப் பாயாமல் காவல் நிற்பவை டையோடுகள்தான். அவற்றில் ஒன்று ஒழுக ஆரம்பித்தால் பகலில் ஏற்றியதை இரவில் இறக்கிவிடும். வண்டியை நிறுத்திப் பல மணி நேரம் கழித்து ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்கள்; இன்ஜின் ஆறிய பிறகும் அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. சாவியை எடுத்த பின்னும் சார்ஜ் லைட் (பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு) லேசாக எரிவதும் அதே டையோடு பழுதின் அடையாளம்.

உறுதி செய்ய, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, கேபிளுக்கும் முனைக்கும் நடுவே சேர்த்துவிடுங்கள். கதவுகள் மூடியிருக்க வேண்டும். அந்த நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது. 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. அரை ஆம்பியர் காட்டினால் ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணி போய்விடும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாளில் ஏறக்குறைய காலியாகிவிடும். உங்கள் மூன்று நாள் கணக்கோடு அது ஒத்துப்போகிறது. பிறகு மீட்டரை எடுத்துவிட்டு, நெகட்டிவ் கேபிள் கழன்றிருக்கும்போதே ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றி முனையில் டேப் சுற்றுங்கள். மறுபடியும் மீட்டரை இடையில் வைத்து அளக்கும்போது ஒழுக்கு நின்றிருந்தால் டையோடு தட்டை மாற்ற வேண்டும். நிற்கவில்லை என்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து எந்தச் சுற்று என்று கண்டுபிடிக்கலாம். டிக்கி விளக்கு அணையாமல் இருப்பதும் ரேடியோவைத் தவறான வயரில் கொடுத்திருப்பதும் அப்போது வெளிவரும்.

இன்ஜின் ஓடும்போதும் டையோடைச் சோதிக்க ஒரு வழி உண்டு. மீட்டரை ஏ.சி. (மாறுதிசை மின்சார) வோல்ட் நிலையில் வைத்துப் பேட்டரி முனைகளில் அளந்தால், நல்ல ஆல்டர்னேட்டரில் 0.1 வோல்ட்டுக்குள் இருக்கும், 0.5ஐத் தாண்டினால் டையோடு போயிருக்கிறது. ஆனால் சில மலிவான மீட்டர்கள் ஏ.சி. நிலையில் பேட்டரியின் நேர்மின்சாரத்தையும் சேர்த்து 28 வோல்ட் போல ஓர் எண்ணைக் காட்டும். அத்தகைய மீட்டரை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும்போது சார்ஜ் லைட் முழுமையாக எரிய ஆரம்பித்துவிட்டது. பயந்து அங்கேயே நிறுத்திவிட்டேன். தொடர்ந்து ஓட்டியிருக்கலாமா?
— ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், பானெட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்திருக்க வேண்டும். பழைய கார்கள் பலவற்றில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுழற்றுகிறது. அது அறுந்திருந்தால் ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாமல் நிறுத்தியதே சரி, இல்லையென்றால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறி ஹெட் கேஸ்கெட் போய்விடும். பெல்ட் நன்றாக இருந்தால் பேட்டரியில் மிச்சமுள்ளதை வைத்து ஓட்டலாம். பாதி ஏறிய 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் சுமார் 17 இருக்கும். பகலில் இக்னிஷனுக்கும் மற்றவற்றுக்கும் 5 ஆம்பியர் என்றால் மூன்று மணி நேரம் வரும். இரவில் முகப்பு விளக்குக்கு 9, வைப்பருக்கு 4 என்று கூட்டினால் 18 ஆம்பியர். ஒரு மணி நேரம் கூட நிற்காது, விளக்கும் வழியிலேயே மங்கிவிடும். புளோயர், ரேடியோ, ஏ.சி. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அருகிலுள்ள ஊர் வரை மட்டும் போங்கள். இன்ஜினை அணைக்காதீர்கள், மறுபடியும் ஸ்டார்ட் செய்ய ஸ்டார்ட்டர் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

கேள்வி: அப்பா வைத்திருந்த பழைய அம்பாசிடரில் டைனமோதான் இருக்கிறது. ஆல்டர்னேட்டர் மாட்டலாமா, அப்படியே வைத்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: வண்டியைப் பிறந்தபடியே பாதுகாக்க வேண்டும் என்பது உங்கள் விருப்பமானால் வைத்துக்கொள்ளுங்கள், டைனமோவைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டியின் பாயின்ட்டுகளைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஒரு பழைய எலக்ட்ரீஷியன் உங்கள் ஊரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரவிலும் மழையிலும் ஓட்டுவதாக இருந்தால் மாற்றுவதே நல்லது என்பேன். டைனமோ கொடுப்பது 20 ஆம்பியரை ஒட்டியே. அதுவும் இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆல்டர்னேட்டர் மெதுவான வேகத்திலேயே கொடுக்கத் தொடங்கிவிடும்.

மாற்றும்போது மூன்று இடங்களில் கவனம் தேவை. பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; பழைய பிரிட்டிஷ் மரபு வண்டிகளில் அப்படி இருப்பதுண்டு. அதை மாற்றி நெகட்டிவ் எர்த் ஆக்காமல் ஆல்டர்னேட்டரை இணைத்தால் டையோடுகள் அந்தக் கணமே போய்விடும். பழைய ரெகுலேட்டர் பெட்டியைச் சுற்றிலிருந்து முழுமையாக விலக்க வேண்டும். டேஷ்போர்டில் 30 ஆம்பியர் வரை காட்டும் அம்மீட்டர் இருந்தால் 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தை அதன் வழியாக அனுப்பாதீர்கள். பேட்டரிக்கு நேராகத் தடித்த புதிய வயரை இழுத்து, அம்மீட்டருக்குப் பதில் வோல்ட் மீட்டர் வையுங்கள்.

கேள்வி: மழையில் கிளம்பும்போது கீச்சென்று கத்துகிறது. பேரிங்கா, பெல்ட்டா?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: கிளம்பும்போது மட்டும் கத்திச் சற்று நேரத்தில் அடங்கினால் பெல்ட். வேகத்தோடு சேர்ந்து உயரும் முனகலும் உறுமலும் கேட்டால் பேரிங். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். வி-பெல்ட் புல்லியின் பக்கச் சுவர்களைத்தான் பற்ற வேண்டும். புல்லிப் பள்ளத்தின் அடிப்பகுதி பளபளவென்று தேய்ந்திருந்தால் பெல்ட் மெலிந்து கீழே இறங்கிவிட்டது, எவ்வளவு இறுக்கினாலும் கத்தும். கத்தலை நிறுத்தக் கம்பி போட்டு நெம்பி இறுக்குபவர்கள் ஆல்டர்னேட்டர் பேரிங்கையும் தண்ணீர் பம்பின் பேரிங்கையும் சேர்த்தே கெடுக்கிறார்கள்.

கேள்வி: கழற்றிப் பார்த்ததில் டையோடு தட்டு போய்விட்டது என்று தெரிந்தது. புதியது வாங்குவதா, பழுது பார்ப்பதா, புதுப்பேட்டையில் பழையது எடுப்பதா?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: ரோட்டரும் ஸ்டேட்டரும் நல்ல நிலையில் இருந்தால் பழுது பார்க்கவே சொல்வேன். நீங்கள் சென்னையில் இருக்கிறீர்கள். 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் உங்கள் ஊரின் பாடி பகுதியில்தான் இருக்கிறது, ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக் கடைகளில் டையோடு தட்டு, ரெகுலேட்டர், பிரஷ் செட், பேரிங் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்டு வாங்கலாம். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துச் சென்று, ஆல்டர்னேட்டரின் தகட்டில் உள்ள எண்ணையும் பேரிங்கில் பொறித்த எண்ணையும் காட்டி வாங்குங்கள். தட்டை மாற்றும்போதே இரண்டு பேரிங்குகளையும் பிரஷ்களையும் மாற்றிவிடுவது நல்லது, மறுபடியும் பிரிக்கும் கூலி மிச்சமாகும்.

புதுப்பேட்டையில் பழையதை எடுப்பதாக இருந்தால், கடையிலேயே புல்லியைக் கையால் சுழற்றிக் காதருகே வைத்துக் கேளுங்கள், பின்மூடியைத் திறந்து பிரஷ் நீளத்தைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். அதில் உள்ள டையோடுகளின் வயது உங்களுக்குத் தெரியாது என்பதால், நான் எடுப்பதானால் ரோட்டருக்கும் உடலுக்கும்தான் எடுப்பேன்.

ஸ்டேட்டர் கருகி ரோட்டரும் போயிருந்தால் மட்டும் முழுப் புதியது வாங்குங்கள். அப்போதும், யாராவது முகப்பு விளக்கில் 100 வாட் பல்ப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். இரண்டு 60 வாட் பல்புகள் இழுப்பது 9 ஆம்பியர். இரண்டு 100 வாட் பல்புகள் இழுப்பது 15 ஆம்பியர், அந்தக் கூடுதல் சுமையில்தான் பழையது வெந்திருக்கக்கூடும். எதை மாட்டினாலும், இறங்கிப்போன பேட்டரியை அப்படியே வைத்து ஓட்ட ஆரம்பிக்காதீர்கள். முதலில் சார்ஜரில், 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியர் வைத்து, இரவு முழுவதும் ஏற்றிவிட்டு, காலையில் 12.6 வோல்ட் காட்டிய பிறகு இன்ஜினைக் கிளப்புங்கள்.